நாலாம் நம்பர் தண்ணீர்

ஒன்பது பேரைக் கழற்றிவிட்ட செய்தி வந்த அன்று கற்பூரப்பேட்டையில் ஒன்பது ஜெர்சிகள் காயவில்லை. வடகம் பிழிந்து வைத்தால் திரும்பிப் பார்ப்பதற்குள் முறுகிவிடுகிற பங்குனி வெயிலில், தெருவெல்லாம் கட்டியிருந்த கொடிகளில் சேலையும் லுங்கியும் பள்ளிச் சீருடையும் விறைத்துக்கொண்டு நிற்க, அந்த ஒன்பது மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தன, மறுநாளும் சொட்டின, அதற்கும் மறுநாள் யாரோ ஒருத்தி அடியில் ஒரு வாளியை நகர்த்தி வைத்தாள், அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் அதற்குள் தெருக்குழாயில் தண்ணீர் நின்றுபோயிருந்தது.

எங்கள் பேட்டை கால்வாய்க்கும் சரக்கு ரயில் பாதைக்கும் நடுவில் இருக்கிறது, எங்கள் அணியின் பெயர் சாம்பல்புறா கால்பந்துக் கழகம், அதன் ஜெர்சியைக் கழகம் துவைப்பதில்லை. ஒரு நம்பருக்கு ஒரு வீடு. அந்த வீடுதான் அந்த ஜெர்சியைத் துவைக்கும், காயவைக்கும், சீசன் முடிந்தால் பாச்சை உருண்டை போட்டு மடித்து வைக்கும், ஆட்டத்தன்று காலையில் அதைப் போடுகிறவனுக்குச் சோறு போட்டு அனுப்பும். நாலாம் நம்பர் எங்கள் வீடு. என் அப்பா துவைத்தார், அவர் போன பிறகு நான் துவைக்கிறேன். என் பெயர் பிலோமினா. எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் நாள் முழுக்கப் பிறத்தியார் சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் ஒரே ஒரு சட்டையைத் துவைப்பதற்கு உனக்கு அலுப்பாக இல்லையா என்று கேட்பார்கள். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்த ஒன்றில் தையல் பிரிந்தால் எனக்குத் தூக்கம் வராது.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவன் அணியை விட்டுப் போகும்போது கடைசி ஆட்டம் முடிந்து தன் ஜெர்சியைத் தானே துவைத்து, தானே பிழிந்து, உதறி, அந்த வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போவான். கூடி நிற்கிறவர்கள் கை தட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் அவன் போனான் என்று அர்த்தம், அதற்குப் பிறகுதான் அடுத்தவன் அதைப் போடலாம்.

இந்தத் தடவை யாரும் பிழியவில்லை. கழகத்தை வாங்கிய டைல்ஸ் கடை முதலாளி கொண்டுவந்து வைத்த மேனேஜர், கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் மத்தியானம், ஜெர்சிகள் எங்கள் கொடிகளில் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பினார். ரீபில்டிங் செய்யப்போகிறோம், இத்தனை நாள் உழைப்புக்கு நன்றி, கீழ்க்கண்டவர்கள் விடுவிக்கப்படுகிறார்கள். எங்கள் பேட்டையில் அந்த வார்த்தை ஏற்கெனவே பழக்கம். பழைய குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டித் தருகிறோம், கட்டி முடித்ததும் உங்களையே கூப்பிட்டு வைக்கிறோம் என்று சொன்னபோதும் அதைத்தான் சொன்னார்கள். போனவர்கள் போன இடத்திலேயே ரேஷன் கார்டு மாற்றிக்கொண்டார்கள். அதனால் ரீபில்டிங் என்று படித்தவுடன் பேட்டைக்குப் புரிந்துவிட்டது. நான் அப்போது கம்பெனியில் காலர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது பேரையும் படித்தேன், நடுவில் தணிகாசலத்தின் பெயரையும் படித்தேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அடுத்த சட்டையை எடுத்தேன்.

தணிகாசலம் என் வயதுக்காரன். நாலாம் நம்பர், பின்வரிசையில் நின்று தடுக்கிற ஸ்டாப்பர். துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் வேலை, ஒரு மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள், அடுத்த சந்தில் வீடு. வேகமெல்லாம் எப்போதுமே கிடையாது அவனிடம், பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே முன்கூட்டியே போய் நின்றுகொண்டு, இவ்வளவு நேரமாக உனக்காகத்தான் காத்திருந்தேன் என்பதைப் போல அதை வெளியே தள்ளிவிடுவான். அவன் கோல் போட்டு நான் பார்த்ததில்லை. அவன் நின்ற இடத்தில் கோல் விழுந்தும் பார்த்ததில்லை.

ஒன்பது ஜெர்சிகளும் ஒன்பது விதமாகச் சொட்டின. விங்கில் ஓடுகிறவனுடையது விட்டுவிட்டுச் சீறியது, கோல்கீப்பருடையது மணிக்கு ஒரு சொட்டு என்று சோம்பேறித்தனம் பண்ணியது, நாலாம் நம்பர் மட்டும் ஒரே சீராக, அவசரமும் இல்லாமல் நிற்காமலும் வடிந்துகொண்டே இருந்தது. முதலில் உப்புக் கரித்தது. பிறகு ஒரு வாரத்தில் தெளிந்து, சித்திரை பிறப்பதற்குள் நல்ல தண்ணீராகி, அதில் பருப்பு மலர்ந்து வேகிறது என்று பெண்கள் கண்டுபிடித்தார்கள். வாளி போய்க் குடம் வந்தது, குடம் வந்ததும் வரிசை வந்தது, வரிசை வந்ததும் அதை நடத்துவதற்குப் பாக்கியம் அக்கா வந்தார், அவர் குரலை மீறி எங்கள் தெருவில் எந்த வரிசையும் நடந்தது கிடையாது. லாரித் தண்ணீருக்கு ஒரு நிறக் குடம், ஜெர்சித் தண்ணீருக்கு ஒரு நிறக் குடம் என்று பிரித்தார்கள். சர்ச்சில் ஒரு பாட்டில் கேட்டு வாங்கிப் போனார்கள், அம்மன் கோயிலிலும் ஒரு சொம்பு கேட்டார்கள், வட்டத்து அரசியல்வாதி ஒருவர் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தன் பெயரைப் பெரிதாக எழுதி எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார், கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, எங்கள் அணியிலும் யாரையாவது தூக்கினால் தேவலை என்று பொருமிக்கொண்டே போனார்கள். நீ அழ வேண்டியதை உன் வீட்டு ஜெர்சி அழுகிறது என்று கம்பெனியில் ஒருத்தி என்னிடம் சொன்னாள். அவளுக்கு நான் ஒரு பாட்டில்கூடப் பிடித்துக் கொடுக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு ஜெர்சியாகச் சொட்டுவது நின்றது. விங்க்காரனுக்குப் பெங்களூரில் ஒரு கிளப் கிடைத்தது. பைக்கை அணைக்காமலே தெருவில் நிறுத்திவிட்டு வந்து, தன் ஜெர்சியைக் கொடியிலிருந்து எடுத்துப் பிழிந்து, உதறிக் கொடுத்துவிட்டுப் போனான், அது அரை மணியில் காய்ந்துவிட்டது. கோல்கீப்பர் ஒரு பேங்க் அணியில் சேர்ந்து இனிப்பு டப்பாவோடு வந்து பிழிந்தான். ஒருவன் ஆட்டத்தையே விட்டுவிட்டு மாமனாரின் மாவு மில்லுக்குப் போகிற வழியில் பிழிந்தான். ஒவ்வொருவன் வரும்போதும் வரிசையில் இருந்தவர்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள், வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, ஆனால் முன்பெல்லாம் தட்டியதைப் போல யாரும் கை தட்டவும் இல்லை. கடைசியில் என் வாசலில் நாலாம் நம்பர் மட்டும் மிஞ்சியது, தெருவின் மொத்த வரிசையும் என் வீட்டுக்கு வந்தது.

தணிகாசலமும் அந்த வரிசையில் வந்து நின்றான். அவன் வீட்டிலும் உலை வைக்க வேண்டுமே. அவனை முன்னால் விடப் பார்த்தார்கள், வேண்டாம் என்று கடைசியில் போய் நின்றான். தன் முறை வந்ததும் குடத்தை வைத்துவிட்டு, யாரோ ஒருவர் வீட்டுத் துணியைப் பார்ப்பதைப் போல அதைப் பார்த்துக்கொண்டு நிற்பான், நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போவான். வரிசையில் அதுவரை ஃபுட்பால் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவன் வந்ததும் மாங்காய் விலை பேசுவார்கள். அவனுக்குச் செய்தியே வரவில்லை என்று அவன் மனைவி வேதவல்லி சொல்லித் திரிந்தாள், அவன் போன் அப்போது ரிப்பேரில் இருந்ததாம். எல்லாருமே அதை நம்பினோம். விடிகாலையில் அவன் மைதானத்துக்குப் போய், உள்ளே புதிய ஆட்கள் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்க, வெளிக்கோட்டுக்கு அப்பால், செடி முளைத்த பக்கத்தில், தனியாக ஓடினான். பிழிந்தால் நின்றுவிடும் என்பது தெருவில் குடம் தூக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். பிழி என்று அவனிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவன்மேல் இரக்கப்பட்டுத்தான் சொல்லவில்லை என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம், அதில் பாதி உண்மை.

வைகாசியில் புதிய நாலாம் நம்பர் வந்து சேர்ந்தான். ஷிபின் என்று பெயர், கன்னியாகுமரிப் பக்கம் கடலோர ஊர், நெட்டையாக, கழுத்தில் ஜெபமாலையோடு, ஒரு பையும் ஒரு ஜோடி பூட்ஸுமாக என் வாசலில் வந்து நின்று, சொட்டுகிற ஜெர்சியையும் அடியில் நீண்டிருந்த வரிசையையும் பார்த்தான், பையைக் கீழே வைத்துவிட்டு முதல் ஆளின் குடத்தைத் தூக்கிவிட்டான். வெளியூர்க்காரன் நம்பர் வீட்டில்தான் தங்க வேண்டும் என்பதால் என் முன்னறையில் படுத்துக்கொண்டான். ஜெர்சி ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்குக் கடலில் நனைந்து பழக்கம் என்று ஒருநாள் அதைப் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போனான். பாரம் இழுத்து முட்டி மடங்கி, திரும்பி வரும்போது பல் கிட்டிப்போயிருந்தது, காய்ச்சல் இறங்குவதற்கு ஒரு வாரம் ஆனது. மேனேஜர் வந்து பார்த்தார். நாலு வேண்டாம், இருபத்திநாலு போட்டுக்கொள்ளட்டும் என்று திருப்பூரில் புதிதாக ஒன்று அடித்து வரவழைத்தார். பிளாஸ்டிக் கவரைப் பிரித்ததும் அது மடிப்புக் கலையாமலே சொட்டியது. அதையும் கொடியில் போட்டோம், வரிசை இரண்டானது, இன்னும் ஒரு டஜன் அடித்து வரச் சொல்ல முடியுமா என்று பாக்கியம் அக்கா மேனேஜரை விசாரித்தார். அவர் போனில் எதையோ பார்த்துக்கொண்டே காரில் ஏறினார். முதல் ஆட்டத்தில் ஷிபின் இறங்காவிட்டால் அவனுக்கும் ஒரு செய்தி வரும், வேறு ஆள் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவர் மறுநாள் சொன்னார்.

ஷிபினிடம் நான் அதைச் சொல்லவில்லை, ஆனால் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைப் பார்த்தபடி கேட்டான்.

“கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு அண்ணன் தெனமும் ஓடுதாரே, அது ஆரு, அக்கா?”

“தண்ணி புடிக்க வர்றவரு” என்றேன்.

அவன் மிச்சமிருந்த சோற்றை வேகமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து தட்டைக் கழுவினான், அதற்கு ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் செலவழிக்கவில்லை. எனக்கு அவன்மேல் கோபம் வர வேண்டும் என்று பல நாள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். தணிகாசலத்தின் இடத்துக்கு வந்தவன்தானே. கோபம் வரவில்லை, பிரியமும் வரவில்லை, ஊசி போட்ட பல் வைத்தியருக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தது, இழுப்பது தெரிகிறது, வலி தெரியவில்லை. புதிதாக வந்த ஒன்பது பேரின் பெயர்களையும் தெருவில் எல்லாரும் மனப்பாடம் செய்தோம். பரீட்சைக்குப் படிப்பதைப் போல அவற்றைச் சொல்லிப் பார்த்தோம்.

முதல் ஆட்டத்தன்று காலையிலும் வழக்கம்போல வரிசை நின்றது. லாரி வந்து மூன்று நாள் ஆகியிருந்ததால் நீளமான வரிசை, கால்வாய் முனைவரை குடங்கள். உள்ளே ஷிபின் குளித்துவிட்டு, பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, மேலே பனியனோடு உட்கார்ந்திருந்தான். ஜெர்சி எங்கே என்று அவன் கேட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வாசலில் தணிகாசலத்தின் முறை வந்தது. அவன் குனிந்து குடத்தை வைத்தான். நான் படியிறங்கிப் போய், கொடியிலிருந்து நாலாம் நம்பரை எடுத்தேன், என் முன்கை வழியாக முழங்கைக்குத் தண்ணீர் இறங்கியது, அதை அவனுக்கு முன்னால் நீட்டினேன்.

வரிசையில் குடங்கள் நகர்வது நின்றது. பாக்கியம் அக்கா என் பக்கத்தில் வந்து, கெஞ்சுகிற குரலில், அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை, “பிலோமி, பாத்துக்கோமா. நாளிக்கும் லாரி வராதாம்” என்றார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. “தணி, ஒனக்கு மெசேஜ் வந்துச்சா, இல்லியா?” என்று கேட்டேன்.

அவன் குடத்தின் விளிம்பைப் பிடித்து நேராக நகர்த்தினான். வேதவல்லி வரிசையில் பின்னால் நின்றிருந்தாள், அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“வந்துச்சு” என்றான். “அன்னிக்கே வந்துச்சு. யாராவது ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லுவாங்கன்னு இருந்தேன்.”

“நான் சொல்றேன்” என்றேன். “ஒன்னிய எடுத்துட்டாங்க தணி.”

சொல்லிவிட்டு நான் நின்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது, நல்ல சத்தமாகத்தான் வந்தது. அவன் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான், ஈரத்தைத் தொடப்போகிறவன் எதற்குக் கையைத் துடைக்க வேண்டும், துடைத்துக்கொண்டு ஜெர்சியை வாங்கினான், நீளவாக்கில் மடித்தான்.

“இதப் பிழிஞ்சிட்டா அவ்ளோதான், இன்னா?”

“அவ்ளோதான்.”

அவன் முறுக்கினான். மூட்டை தூக்குகிற கை, தோள் வரைக்கும் நரம்பு எழும்பியது, தண்ணீர் முதலில் அவன் குடத்தில் விழுந்து அதை நிரப்பியது, வழிந்தது. வழிகிறதே என்று பின்னால் ஒருத்தி அவள் குடத்தை நகர்த்தி வைத்தாள். அது நிறைந்ததும் அடுத்தவள் வைத்தாள். அவன் நிறுத்தாமல் முறுக்கிக்கொண்டே இருந்தான், இத்தனை வருஷத்து ஆட்டமும், அவன் வெளியே தள்ளிவிட்ட அத்தனை பந்தும், மழையில் ஆடியதும், தோற்றுவிட்டு நடந்து வந்ததும், வெளிக்கோட்டுக்கு அப்பால் செடிக்கு நடுவில் ஓடியதும் எல்லாம் அந்தத் துணியிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்க, நாங்கள் குடங்களைத் தள்ளினோம், வாளிகளைத் தள்ளினோம், வீடுகளுக்குள் ஓடிப்போய் அண்டாவும் குக்கரும் பால் தூக்கும் எடுத்து வந்தோம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துத் தண்ணீர் பாட்டில்களை நீட்டினார்கள், அரசியல்வாதியின் தொட்டி நிறைந்தது, பாக்கியம் அக்கா எல்லாருக்கும் சமமாக வர வேண்டும் என்று வரிசையை அதட்டிக்கொண்டிருந்தார். ஒருவர்கூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவன் கையைப் பார்த்தோம், கைக்குக் கீழே பாத்திரம் இருக்கிறதா என்று பார்த்தோம். கை தட்ட வேண்டிய நேரத்தில் எங்கள் இரண்டு கையிலும் குடம் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தெருவின் கடைசிப் பாத்திரமும் நிறைந்த பிறகுதான் அது நின்றது. அவன் இன்னொரு முறை முறுக்கிப் பார்த்தான், ஒரு சொட்டும் வரவில்லை. படபடவென்று இரண்டு தரம் உதறினான், என் முகத்தில் தூறல் தெறித்தது, தோள்பட்டையைச் சேர்த்து மடித்து என் கையில் கொடுத்தான். பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த இருபத்திநாலும் தானாக நின்றிருந்தது. அவன் வந்த வழியே போனான். நிறைந்த அவன் குடம் என் வாசற்படியிலேயே இருந்தது. வேதவல்லி தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு அதைக் கடந்து போனாள், இதை எடுத்துப்போகவில்லையா என்று நான் கேட்டதற்கு, நீயே வைத்துக்கொள் என்று கையால் காட்டினாள்.

அந்தக் குடத்துத் தண்ணீரில்தான் சோறு வடித்தேன். சாப்பிட உட்கார்ந்த ஷிபின், வாசலில் நடந்ததையெல்லாம் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தவன், முதல் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். அவன் கை கழுவி வருவதற்குள் ஜெர்சி காய்ந்திருந்தது.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. புதிய ஒன்பது பேரும் ஒருவர் பெயரை ஒருவர் கூப்பிடத் தடுமாறினார்கள், நாங்களும்தான். இரண்டாம் பாதியில் ஒரு கார்னரில் ஷிபின் எல்லாருக்கும் மேலே எழும்பித் தலையால் பந்தை வெளியே தட்டினான், கேலரியில் ஒரு நொடி யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை, அப்புறம் யாரோ ஆரம்பித்துவைக்கக் கை தட்டினோம், நானும் தட்டினேன், என் உள்ளங்கை சிவந்திருந்தது, தட்டியது எனக்குத் தெரியவில்லை. வெளிக்கோட்டுக்கு அப்பால் செடிப் பக்கம் பார்த்தேன், அங்கே யாரும் இல்லை.

மறுநாள் காலை ஷிபினின் வேர்வையோடு அதைத் துவைத்து, பிழிந்து, அதே கொடியில் போட்டேன். அடியில் பழக்கதோஷத்தில் யாரோ ஒரு வாளியை வைத்திருந்தார்கள். வாசலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் சொட்டியது, நின்றது. காலரைத் தொட்டுப் பார்த்தேன், தோள் தையலைத் தொட்டுப் பார்த்தேன், கடைசியாகக் காய்கிற கைமடிப்பையும் அக்குளையும் தொட்டுப் பார்த்தேன், வெயில் ஏறுவதற்குள் எல்லாத் துணியையும் போல அதுவும் விறைத்துவிட்டது. எங்கேயாவது ஒரு விரற்கடை ஈரம் மிஞ்சியிருக்காதா என்று திரும்பவும் தடவினேன். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை என்று சொல்லிவிட எனக்கு ஆசைதான். காய்ந்த கைமடிப்பை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது கால்வாய் முனையில் லாரியின் ஹாரன் கேட்டது. வராது என்று சொன்ன லாரி வந்திருந்தது. எல்லா வீட்டிலிருந்தும் குடங்கள் கிளம்பின. தணிகாசலம் இரண்டு காலிக் குடங்களோடு என் வாசலைக் கடந்தவன், கொடியைப் பார்த்து நடையை நிறுத்தினான்.

“காஞ்சிடுச்சா?”

“காஞ்சிடுச்சு.”

தலையை ஆட்டிவிட்டுப் போய் வரிசையில் நின்றான். நான் வாசற்படியில் காலியாக இருந்த அவன் குடத்தை எடுத்துக்கொண்டு போய் அவன் பின்னால் நின்றேன்.